சினிபெஞ்ச் பாஸ் ஆகுது, யூடியூப் பார்த்தா ரீஸ்டார்ட் ஆகுது: ஓவர்கிளாக் கேள்வி பதில்

போன இதழ்ல ப்ராசஸர் ஸ்பீடு ஏத்துறதப் பத்தி நாலு வரிதான் எழுதினேன், அதுக்கு வந்து குவிஞ்ச கேள்விங்கள்ல பாதி ஒரே ராகம்தான், "ஏத்திட்டேன் அண்ணே, இப்ப படுத்துக்குது". பிரிண்டர் கேள்வி, வைஃபை கேள்வி அனுப்பினவங்க கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கு அடுத்த மாசம். இந்த தடவை முழுக்க ஓவர்கிளாக் பண்ணி, அதாவது கம்பெனி குடுத்த ஸ்பீடுக்கு மேல ஏத்தி, தூக்கம் தொலைச்சவங்க கூட்டம்தான்.

கேள்வி (செந்தூல்): அண்ணே, என்னோடது ரைசன் 5 5600எக்ஸ் ப்ராசஸர். கர்வ் ஆப்டிமைசர்ல (ப்ராசஸர் உள்ள இருக்குற ஒவ்வொரு கோருக்கும், அதாவது வேலை செய்யுற பகுதிக்கும், வோல்டேஜ் குறைக்கிற செட்டிங்) எல்லா கோருக்கும் மைனஸ் 30 போட்டு, பூஸ்டுக்கு மேல 200 மெகாஹெர்ட்ஸும் ஏத்தி வச்சிருக்கேன். சினிபெஞ்ச் டெஸ்ட் ஓடுது, ப்ரைம்95 டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடுது, சூடும் 75 தாண்டல. ஆனா சும்மா யூடியூப் பார்த்துட்டு இருக்கும்போதோ, மெஷினை அப்படியே விட்டுட்டு கீழ மாமாக் கடைக்கு போயிட்டு வந்தாலோ, தானா ரீஸ்டார்ட் ஆகி லாகின் ஸ்க்ரீன்ல நிக்குது. புளூ ஸ்க்ரீன் கூட காட்டல. விண்டோஸ மறுபடி போடுன்னு பிரண்டு சொல்றான். போடட்டுமா?

பதில்: போடாதீங்க தம்பி, விண்டோஸ் ஒரு பாவமும் பண்ணல. லோடு குடுத்தா நிக்குது, சும்மா இருந்தா விழுதுன்னு நீங்களே எழுதிட்டீங்க, பாதி பதில் அதுலயே இருக்கு. கர்வ் ஆப்டிமைசர்ல அளவுக்கு மேல இறக்கினா இப்படித்தான் ஆகும்.

ப்ரைம்95 ஓடும்போது ஆறு கோரும் ஒண்ணா வேலை செய்யுது. அப்ப பவர் லிமிட்டும் சூடும் சேர்ந்து புடிச்சு இழுக்குறதால எந்த கோரும் உச்ச ஸ்பீடுக்கு போகவே போகாது, கீழேயே நின்னுக்கும். யூடியூப் பார்க்கும்போது கதை வேற. மெஷின் பாதி தூக்கத்துல இருக்கும், திடீர்னு ஒரே ஒரு கோர் மட்டும் எழுந்து, 5600எக்ஸோட சாதாரண உச்சம் 4.6 கிகாஹெர்ட்ஸ், நீங்க குடுத்த 200ம் சேர்ந்து 4.8ஐ தாண்டி ஒரு குதி குதிச்சுட்டு மறுபடி படுத்துக்கும். அந்த ஒரு குதிக்கு வேண்டிய வோல்டேஜைத்தான் நீங்க புடுங்கி வச்சிருக்கீங்க. மைனஸ்ல ஒவ்வொரு புள்ளிக்கும் சுமாரா 3லேர்ந்து 5 மில்லிவோல்ட் குறையும், 30 புள்ளின்னா நீங்களே பெருக்கிப் பாருங்க.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. ஏஎம்டியோட ரைசன் மாஸ்டர் சாஃப்ட்வேர்ல நட்சத்திரக் குறி போட்டிருக்குமே, அந்த நல்ல கோருங்கதான் முதல்ல விழும். ஒத்தை கோர் வேலை எல்லாத்தையும் விண்டோஸ் அதுங்க தலையிலதான் கட்டுது, அதுங்களுக்கு ஃபேக்டரியிலேயே வோல்டேஜ் இறுக்கிக் குடுத்திருப்பாங்க, மேல மைனஸ் 30 போட்டா எங்க தாங்கும். ஓரத்துல சும்மா இருக்குற சுமாரான கோரு மைனஸ் 30ஐ சிரிச்சுட்டே வாங்கிக்கும். அதனாலதான் எல்லா கோருக்கும் ஒரே நம்பர் போட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பெருமையா போடுறவங்கள நம்பாதீங்கன்னு நான் சொல்றது, அவரு சிப்பு வேற உங்க சிப்பு வேற.

எந்த கோர் விழுதுன்னு கண்டுபுடிக்க வழி இருக்கு. ஸ்டார்ட் மெனுல ஈவன்ட் வியூவர் திறந்து, விண்டோஸ் லாக்ஸ்ல சிஸ்டத்துக்கு போயி, ரீஸ்டார்ட் ஆன நேரத்துக்கு கிட்ட டபிள்யூஹெச்இஏ-லாகர்னு சிவப்பு குறியோட, நம்பர் 18னு ஒண்ணு இருக்கான்னு பாருங்க. உள்ள கேஷ் ஹைரார்க்கி எரர்னு எழுதியிருக்கும், கீழ ப்ராசஸர் ஏபிக் ஐடின்னு ஒரு நம்பர் இருக்கும். உங்க சிப்புல அந்த நம்பரை ரெண்டால வகுத்தா கோர் நம்பர் வரும், பூஜ்யத்துலேர்ந்து எண்ணணும், 4னு போட்டிருந்தாலும் 5னு போட்டிருந்தாலும் கோர் 2தான் குத்தவாளி. ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் அதே நம்பர் திரும்பத் திரும்ப வந்தா சந்தேகமே வேணாம்.

அப்புறம் கோர்சைக்ளர்னு ஒரு இலவச ஸ்க்ரிப்ட் இருக்கு, இறக்கிக்குங்க. அது ப்ரைம்95ஐயே ஒரு நேரத்துக்கு ஒரு கோர்ல மட்டும் ஓட்டும், அதுவும் வேணும்னே லேசான லோடா குடுக்கும், ஏன்னா லோடு லேசா இருந்தாத்தான் கோர் உச்சிக்கு ஏறும். ராத்திரி ஓட விட்டு படுங்க, எந்த கோர்ல எரர்னு காலையில எழுதி வச்சிருக்கும். அந்த கோருக்கு மட்டும் மைனஸ் 30லேர்ந்து அஞ்சு அஞ்சா மேல வாங்க, 25, 20, 15னு, நட்சத்திர கோருங்க மைனஸ் 5ல வந்து நின்னாலும் வருத்தப்படாதீங்க. அந்த 200 மெகாஹெர்ட்ஸ முதல்ல எடுத்துடுங்க. அதுல கேமுக்கு கண்ணுக்குத் தெரியுற மாதிரி எதுவும் கிடைக்காது, தலைவலி மட்டும்தான் கிடைக்கும்.

18 எதுவுமே இல்ல, மஞ்சள் குறியோட 19தான் வரிசையா இருக்குன்னா பிரச்சனை பெரும்பாலும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்ல, அதாவது சிப்பு உள்ள கோரையும் மெமரியையும் இணைக்கிற பாதையில. ரேம் 3600னா ஃபேப்ரிக் 1800ல ஓடும், அது நிறைய சிப்புக்கு ஒத்துக்கும். 1900 தாண்டி ஏத்தியிருந்தா இறக்கிட்டுப் பாருங்க.

கேள்வி (ஜெலுத்தோங், பினாங்கு): ஐயா, என் மகன் காலேஜ் படிக்கிறான். கம்ப்யூட்டர் கடையில கட்டிக் குடுத்தது. ஒரு வருஷம் நல்லா ஓடுச்சு, பிறகு மெமரி பத்தலன்னு அதே கடையில இன்னும் ரெண்டு ரேம் போட்டு நாலாக்கினோம். அதுலேர்ந்து புளூ ஸ்க்ரீன் வருது, ஒவ்வொரு தடவையும் வேற வேற பேரு. போன வாரம் அசைன்மென்ட் ஃபைல் திறக்கவே மாட்டேங்குது, கெட்டுப் போச்சாம். நான் ஓவர்கிளாக் எல்லாம் பண்ணவே இல்லம்மான்னு சத்தியம் பண்றான். கடையில கேட்டா வைரஸ்னு சொல்றாங்க. யாரை நம்புறது?

பதில்: மகனை நம்புங்க அக்கா, அவன் பண்ணல. ஆனா மெஷின் ஓவர்கிளாக்லதான் ஓடுது. எக்ஸ்எம்பின்னு பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற, போர்டோட செட்டிங் பக்கம்) ஒரு சுவிட்ச் இருக்கு, கடையில கட்டும்போதே அதைத் தட்டி விட்டுடுவாங்க, தப்பு சொல்ல முடியாது, எல்லாரும் பண்றதுதான். ரேம் பெட்டியில 3600னு பெருசா எழுதியிருக்கும், ஆனா அந்த ஸ்பீடு அதோட சொந்த ஸ்பீடு இல்ல. டிடிஆர்4 ரேம் சும்மா போட்டா 2133லேயோ 2400, 2666லேயோதான் எழும், 1.2 வோல்ட்ல. எக்ஸ்எம்பி போட்டதும்தான் 1.35 வோல்ட் வாங்கிட்டு 3600ல ஓடும். ஏஎம்டி போர்டுல இதையே டிஓசிபின்னோ எக்ஸ்போன்னோ போட்டிருப்பாங்க, பேருதான் வேற.

ரெண்டு ரேம் இருந்தவரைக்கும் தாங்குச்சு. நாலு ஆனதும் ப்ராசஸர் உள்ள இருக்குற மெமரி கன்ட்ரோலருக்கு சுமை கூடிடுச்சு. இது நான் சும்மா சொல்றதில்ல, ஏஎம்டியே ரைசன் 7000க்கு ரெண்டு ரேம்னா 5200, நாலு ரேம்னா 3600தான் எங்க பொறுப்புன்னு எழுதி வச்சிருக்காங்க. அதுலயும் தனித்தனியா வாங்கின ரெண்டு செட்டு, ஒரே பிராண்டு ஒரே மாடல்னாலும் உள்ள இருக்குற சிப்பு வேற வேறயா இருக்கலாம். பெட்டியில ஒண்ணா வந்ததத்தான் ஒண்ணா டெஸ்ட் பண்ணியிருப்பாங்க, அதுக்கு மட்டும்தான் கேரன்டி.

புளூ ஸ்க்ரீன்ல ஒவ்வொரு தடவையும் வேற வேற பேரு வருதுன்னு எழுதினீங்க பாருங்க, அதுதான் ரேம் மேல எனக்கு சந்தேகம் வர முதல் காரணம். ஒரே டிரைவர் கெட்டா ஒரே பேரு வரும். ரேம்ல ஒரு பிட்டு புரண்டா அந்த நேரத்துல அந்த இடத்துல யாரு இருந்தாங்களோ அவங்க விழுவாங்க, இன்னைக்கு மெமரி மேனேஜ்மென்ட், நாளைக்கு ஐஆர்கியூஎல், அதுக்கடுத்த நாள் பிரவுசர் மட்டும் மூடிக்கும்.

ஃபைல் கெட்டது இதைவிட மோசம். டாக்குமென்ட சேவ் பண்ணும்போது அது ரேம் வழியாத்தான் டிஸ்குக்கு போகுது, வழியில ஒரு எழுத்து மாறினா மாறினபடியே சேவ் ஆகும், எந்த எச்சரிக்கையும் வராது. அதனால இன்னைக்கே இந்த வேலையை முதல்ல பண்ணச் சொல்லுங்க: மெஷினை ஆன் பண்ணதும் டெலீட் பட்டனைத் தட்டிக்கிட்டே இருந்தா பயாஸ் வரும், அதுல எக்ஸ்எம்பிய ஆஃப் பண்ணி சேவ் பண்ணிட்டு வெளிய வரணும். அது ஆஃப் ஆன பிறகுதான் முக்கியமான ஃபைலுங்கள வெளி டிஸ்குக்கு காப்பி எடுக்கணும், ஆட்டம் காணுற ரேமை வச்சுக்கிட்டு காப்பி எடுத்தா காப்பியும் கெடும்.

அப்புறம் ஒரு பென்டிரைவ்ல மெம்டெஸ்ட்86+ போட்டு, அதுலேர்ந்து பூட் பண்ணி ராத்திரி ஓட விடட்டும். இலவசம்தான். காலையில ஸ்க்ரீன்ல ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தாலும் ஃபெயில்தான் அக்கா, "ஒண்ணுதானே"ன்னு விடாதீங்க. எக்ஸ்எம்பி ஆஃப்ல எரர் இல்ல, ஆன் பண்ணா எரர் வருதுன்னா ரேம் கெடல, ஸ்பீடுதான் அதிகம். 3200ல வச்சுப் பாருங்க, இல்ல 2933, எது சுத்தமா ஓடுதோ அது. காலேஜ் வேலைக்கு வித்தியாசமே தெரியாது. எக்ஸ்எம்பி ஆஃப்லயும் எரர் வந்தா ஒவ்வொரு ரேமா தனியா போட்டுப் பார்க்கணும், ப்ராசஸர் பக்கத்துலேர்ந்து ரெண்டாவது ஸ்லாட்டுல. எரர் காட்டுறத தூக்கிட்டு கடைக்கு போங்க, ரேமுக்கு பெரும்பாலும் ஆயுசு வாரண்டி இருக்கும், அந்த ஸ்க்ரீனை போன்ல போட்டோ எடுத்து கையில வச்சுக்குங்க. அப்ப வைரஸ் கதை எல்லாம் பேச மாட்டாங்க.

எல்லாம் சரியான பிறகு விண்டோஸ்ல எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் ஓடவிட்டு கெட்டுப்போன சிஸ்டம் ஃபைலுங்கள சரி பண்ணணும். ரேமை சரி பண்றதுக்கு முன்னாடி ஓட்டிடாதீங்க, ரிப்பேர் பண்றேன்னு அதுவே இன்னும் கெடுத்து வைக்கும்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): பாஸ், ஐ9 13900கே, 2023ல வாங்கினது. முதல் நாள்லேர்ந்தே எல்லா கோரையும் ஏத்தி பவர் லிமிட் எதுவும் இல்லாம ஓட்டுனேன், ராஜா மாதிரி ஓடுச்சு. இப்ப ஏத்துனதெல்லாம் எடுத்துட்டேன், பயாஸ டீஃபால்ட் ஆக்கிட்டேன், அப்பவும் அன்ரியல் என்ஜின் கேம் திறந்தா வீடியோ மெமரி பத்தலன்னு சொல்லி மூடிக்குது. என் கார்டுல 24 ஜிபி இருக்கு! நியூஸ்ல வந்த பிரச்சனையா, இல்ல நான் ஓவர்கிளாக் பண்ணி கொன்னுட்டேனா?

பதில்: 24 ஜிபி கார்டு வச்சுக்கிட்டு மெமரி பத்தலன்னு படிக்கும்போது கடுப்பு வரும்தான். ஆனா அந்த மெசேஜ் கிராபிக்ஸ் கார்டப் பத்தி இல்ல பாஸ். கேம் திறக்கும்போது ஷேடர் (படம் வரையிற குறிப்புங்க) கம்பைல் பண்றதும், சுருக்கி வச்ச ஃபைல விரிக்கிறதும் ப்ராசஸர் வேலை, அது கணக்குல தப்பு பண்ணா கேம் குழம்பிப் போயி வீடியோ மெமரி மேல பழியப் போட்டுட்டு மூடிக்கும். இன்டெலோட 13, 14ஆம் தலைமுறை சிப்பு வச்சிருந்த நிறைய பேருக்கு முதல் அறிகுறியே இந்த மெசேஜ்தான்.

நடந்தது என்னன்னா, அந்த சிப்புங்க சில நேரத்துல தனக்கு வேண்டியதுக்கும் மேல வோல்டேஜ் கேட்டு வாங்கிச்சு, அது போகப் போக உள்ள இருக்குற கிளாக் சர்க்யூட்ட தேய்ச்சுது. தேய்ஞ்ச பிறகு அதே ஸ்பீடுக்கு முன்னவிட கூட வோல்டேஜ் வேணும். இதுக்கு விமின் ஷிஃப்ட், அதாவது குறைஞ்சபட்ச வோல்டேஜ் நகர்றதுன்னு பேரு வச்சாங்க. 2024 ஜூலையில இன்டெல் ஒத்துக்கிட்டாங்க, ஆகஸ்ட்ல 129னு முடியுற மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள்ள ஓடுற சின்ன புரோகிராம்), செப்டம்பர்ல 12பி, 2025 மே மாசம் 12எஃப்னு வரிசையா விட்டாங்க. இன்டெல் 1972லேயே கால் வச்ச ஊருல உக்காந்துக்கிட்டு கேக்குறீங்க, பக்கத்து வீட்டுல யாராவது உங்களவிட நல்லா விளக்குவாங்க.

நீங்க கொன்னீங்களா, அதுவா செத்துச்சான்னு இப்ப பிரிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டும் ஒரே பக்கம்தான் தள்ளும். அந்த சமயத்துல நிறைய போர்டுங்க டீஃபால்ட்லேயே பவர் லிமிட்ட 4096 வாட்ஸ்னு, அதாவது லிமிட்டே இல்லாம விட்டு வச்சிருந்தாங்க, அந்த சிப்போட கணக்கு 253 வாட்ஸ். அதனால பயாஸ டீஃபால்ட் ஆக்கிட்டேன்னு நீங்க சொன்னாலும், பழைய பயாஸோட டீஃபால்ட்டா இருந்தா அது டீஃபால்ட்டே இல்ல. புது பயாஸ் போட்டு, அதுல இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ்னு இருக்குறத எடுங்க. மைக்ரோகோட் நம்பர ஹெச்டபிள்யூஇன்ஃபோங்குற சாஃப்ட்வேர்ல பார்க்கலாம்.

அப்புறம் இந்த டெஸ்டு பண்ணுங்க. பயாஸ்ல பி-கோர் (பெரிய கோருங்க) ரேஷியோவ 55லேர்ந்து 53க்கு, அதாவது 5.5லேர்ந்து 5.3 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்குங்க, வேற எதையும் தொடாதீங்க. கேம் ஒழுங்கா திறந்தா முடிவாயிடுச்சு, சிப்பு தேய்ஞ்சுடுச்சு, கிராபிக்ஸ் கார்டுக்கும் ரேமுக்கும் சம்பந்தமில்ல. புது மைக்ரோகோட் இனிமே தேயாம பார்த்துக்கும், தேய்ஞ்சத திருப்பிக் குடுக்காது. வோல்டேஜ் ஏத்தி சமாளிக்கலாம்னு தோணும், அது இன்னும் சீக்கிரம் தேய்க்கும். பெட்டியோட வாங்கின சிப்புக்கு மூணு வருஷ வாரண்டிய அஞ்சாக்கியிருக்காங்க, 2023ல வாங்கினதுன்னா உங்களுக்கு 2028 வரைக்கும் நேரம் இருக்கு. ரசீதைத் தேடி எடுங்க, க்ளெய்ம் போடுங்க.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): பி660 போர்டுல ஐ5 12400 இருக்கு, 5 கிகாஹெர்ட்ஸ் ஏத்த முடியுமா?

பதில்: சாதாரணமா முடியாது. பேருக்கு பின்னாடி கே போட்ட சிப்பும், பேரு இசட்ல ஆரம்பிக்குற போர்டும் வேணும். உங்க போர்டுல ரேமை மட்டும் ஏத்தலாம், அதோட நிறுத்திக்குங்க.

கேள்வி (கெப்போங்): அண்ணே, ராத்திரி எவ்வளவு நேரம் விளையாண்டாலும் ஒண்ணும் ஆகல, மத்தியானம் விளையாண்டா ஒரு மணி நேரத்துல கிராஷ். வீடு மேல் மாடி, ரூம்ல ஏர்கோன் இல்ல, ஃபேன்தான். மெம்டெஸ்ட் போட்டேன், நாலு பாஸ், ஒரு எரர் இல்ல. ரேம் டிடிஆர்5, 6000ல இருந்தத டைமிங் (ரேம் பதில் சொல்ல எடுக்குற நேரம்) எல்லாம் நானே இறுக்கினேன்.

பதில்: மெம்டெஸ்ட எப்ப போட்டீங்க? ராத்திரிதானே. அங்கதான் ஏமாந்தீங்க.

ஸ்டாக் ஸ்பீடுல, அதாவது ஃபேக்டரி ஸ்பீடுல, இருக்குற மெஷினுக்கு சூடு ஏறினா அது தானா ஸ்பீட குறைச்சுக்கும், மெதுவாகும், ஆனா பெரும்பாலும் விழாது. ஓவர்கிளாக்ல அப்படி இல்ல. ராத்திரி குளிர்ச்சியில கண்டுபுடிச்ச செட்டிங் மத்தியானம் 33 டிகிரி ரூமுக்கு செல்லாது. ரூம்ல ஏறுற ஒவ்வொரு டிகிரியும் கிட்டத்தட்ட அப்படியே உள்ளயும் ஏறும். அதுலயும் ரேம் இருக்கே, டைமிங்க இறுக்கின ரேமு, குறிப்பா ட்ரெஃபியையும் (ரேமைப் புதுப்பிக்குற இடைவெளி) ஏத்தி விட்டிருந்தா, 50 டிகிரி தாண்டுனதும் முணுமுணுக்க ஆரம்பிச்சுடும். மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா கிடக்கும், கேம் ஆடும்போது அது 300 வாட்ஸ் சூட்டை நேரா மேல இருக்குற ரேம் மூஞ்சியில ஊதும். அதனால மத்தியானம் ரெண்டு மணிக்கு, கார்டுக்கும் லோடு குடுத்துக்கிட்டே ரேமை டெஸ்ட் பண்ணுங்க. ஓசிசிடிங்குற டெஸ்ட் சாஃப்ட்வேர் வச்சு ஒரே நேரத்துல ரெண்டையும் ஓட்டலாம். பக்கத்துலயே ஹெச்டபிள்யூஇன்ஃபோ திறந்து வச்சு ரேம் டிகிரி எவ்வளவுன்னு பாருங்க, டிடிஆர்5ல ஒவ்வொரு ரேமுக்கும் சென்சார் இருக்கு. எரர் வந்த நேரத்துல எத்தனை டிகிரின்னு குறிச்சுக்குங்க. ட்ரெஃபிய பழையபடி ஆட்டோல விட்டு, ரேமுக்கு மேல ஒரு சின்ன ஃபேன் கட்டி விட்டாலே பாதி சரியாயிடும்.

முன்னாடி இருக்குற ஃபில்டரையும் கழட்டிப் பாருங்க. நம்ம வீடுங்கள்ல சாமி ரூம் பக்கத்துல கம்ப்யூட்டர் இருந்தா சாம்பிராணிப் புகையும் தூசியும் சேர்ந்து ஒரு பிசுக்கு புடிச்சிருக்கும், ஊதினா போகாது, சோப்புத் தண்ணியில கழுவி காய வச்சுத்தான் மாட்டணும். ஃபில்டர மட்டும் கழுவுங்க, போன வருஷம் ஒருத்தர் ஃபேனையும் சேர்த்து முக்கிட்டார்.

கேள்வி (பட்டர்வொர்த்): ரேம 6000லேர்ந்து 6400க்கு மாத்தி சேவ் பண்ணேன், இப்ப ஸ்க்ரீனே வரல, ஃபேன் மட்டும் சுத்துது. போர்டு போயிடுச்சா?

பதில்: போகல. முதல்ல எதையும் தொடாம பத்து நிமிஷம் விடுங்க. டிடிஆர்5 போர்டு ரேம் செட்டிங் மாறினதும் மெமரி ட்ரெயினிங் பண்ணும், அதுக்கே சில நிமிஷம் எடுக்கும், இருட்டு ஸ்க்ரீனப் பார்த்து பயந்து பாதியில ஆஃப் பண்றவங்கதான் அதிகம். அப்பவும் வரலன்னா சுவத்துல பிளக்கைப் புடுங்கிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கி மிச்சக் கரண்ட விட்டுட்டு, போர்டுல இருக்குற வட்ட பேட்டரி, சிஆர்2032, அதை அஞ்சு நிமிஷம் கழட்டி வச்சு மாட்டுங்க. பின்னாடி கிளியர் சிமாஸ் பட்டன் இருந்தா அதை அமுக்குனாலே போதும். பழையபடி எழும். 6400 வேணும்னு அடம் புடிக்காதீங்க. எக்ஸ்போ போடும்போது போர்டு சொல்லாம கொள்ளாம எஸ்ஓசி வோல்டேஜையும் (மெமரி கன்ட்ரோலர் இருக்குற பகுதிக்கு போறது) ஏத்தும், 2023ல ரைசன் 7000எக்ஸ்3டி சிப்பு சிலது எரிஞ்சதே அதாலதான், அதுக்கப்புறம்தான் 1.3 வோல்ட்டுக்கு மேல போகாம ஏஎம்டி கட்டிப் போட்டாங்க. உங்களுடையது ரைசன் 7000னா பயாஸ் அதுக்கு முந்தினதா இருந்தா முதல்ல அப்டேட் பண்ணிட்டு வாங்க.

கேள்வி (ஸ்தாப்பாக்): ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு ரெண்டாம் கை வாங்கினேன், ஆப்டர்பர்னர்ல (கார்டு ஸ்பீடு ஏத்துற சாஃப்ட்வேர்) கோர் 120, மெமரி 800 மெகாஹெர்ட்ஸ் ஏத்தியிருக்கேன். சில கேம்ல டெஸ்க்டாப்புக்கு வந்துடுது, சில கேம்ல கரண்ட் போன மாதிரி படக்குனு ரீஸ்டார்ட். பவர் சப்ளை 650 வாட்ஸ். கார்டு ஓட்டையா?

பதில்: நீங்க சொல்றது ரெண்டு வேற வேற வியாதி, ஒண்ணா போட்டுக் குழப்பிக்காதீங்க. கேம் மட்டும் மூடிக்கிட்டு டெஸ்க்டாப் வர்றது கார்டோட ஓவர்கிளாக். ஈவன்ட் வியூவர்ல டிஸ்ப்ளே 4101ன்னோ என்விஎல்டிடிஎம்கேஎம்னோ இருக்கும். ஆப்டர்பர்னர்ல ரீசெட் அமுக்கிட்டு பாருங்க, நின்னுட்டா கோரை 30 30ஆ ஏத்துங்க, மெமரிய அப்புறம் பார்க்கலாம். அந்த கார்டு மெமரிக்கு எரர் வந்தா கண்டுபுடிச்சு மறுபடி அனுப்புற வசதி இருக்கு, அதனால ஏத்த ஏத்த கிராஷ் ஆகாம ஃப்ரேம்தான் குறையும், ஏத்திட்டோம்னு சந்தோஷமா இருப்பீங்க, உண்மையில மெதுவா ஓடிக்கிட்டு இருக்கும்.

படக்குனு ரீஸ்டார்ட் ஆகுறது பவர் சப்ளை மேலதான் சந்தேகம். ஈவன்ட் வியூவர்ல கெர்னல்-பவர் 41 இருக்கும், உள்ள பக்செக்கோடுன்னு ஒரு வரி, அதுல பூஜ்யம் இருந்தா விண்டோஸுக்கு புளூ ஸ்க்ரீன் காட்டக் கூட நேரம் கிடைக்கலன்னு அர்த்தம். 3080 சராசரியா 320 வாட்ஸ் தான் குடிக்கும், ஆனா சில மில்லிசெகண்டுக்கு அதுக்கும் மேல எகிறும், அந்த எகிறல்ல பவர் சப்ளை பயந்து தானே அடைச்சுக்கும். என்விடியாவே அந்த கார்டுக்கு 750 வாட்ஸ்னு சொல்லியிருக்காங்க. கை வைக்குறதுக்கு முன்னாடி செலவில்லாத டெஸ்ட்: ஆப்டர்பர்னர்ல பவர் லிமிட்ட 70 சதவீதத்துக்கு இறக்கி அதே கேம ஆடுங்க. ரீஸ்டார்ட் நின்னா பவர் சப்ளைதான். கார்டுக்கு போற கேபிளையும் பாருங்க, ஒரே கேபிள்ல ரெண்டு தலை தொங்குமே, அதை ரெண்டு சாக்கெட்லயும் குத்தியிருந்தா எடுத்துட்டு தனித்தனியா ரெண்டு கேபிள் போடுங்க. சில பேருக்கு இதுலயே சரியாயிடுது. ரைஸ் குக்கரும் இன்டக்‌ஷன் அடுப்பும் இருக்குற எக்ஸ்டென்ஷன்ல கம்ப்யூட்டரையும் சொருகியிருந்தா அதையும் நேரா சுவத்துக்கு மாத்துங்க.

பவர் சப்ளைய மட்டும் திறந்து பார்க்காதீங்க, பல்லி செத்துக் கிடக்குதான்னு பார்க்க ஆசையா இருக்கும், உண்மையிலேயே நம்ம ஊர்ல கிடக்கும்தான், ஆனா பிளக்கைப் புடுங்கின பிறகும் உள்ள கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும். அடிச்சா சும்மா விடாது. புதுசு 750க்கு மேல வாங்கிடுங்க.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): கடையில கட்டின மெஷின், எட்டு மாசம்தான் ஆச்சு, வாரண்டி கேட்டா நீங்க எக்ஸ்எம்பி போட்டிருக்கீங்க, ஓவர்கிளாக், செல்லாதுங்குறாங்க. போட்டதே அவங்கதான்!

பதில்: எக்ஸ்எம்பி ஓவர்கிளாக்தான், பேப்பர்ல அவங்க சொல்றது தப்பில்ல, கம்பெனிங்க வாரண்டி கார்டுலயும் அப்படித்தான் எழுதியிருக்கும். ஆனா கட்டிக் குடுத்தவங்களே போட்டுட்டு உங்க தலையில கட்ட முடியாது. பயாஸ ஸ்டாக்குக்கு இறக்கி, எக்ஸ்எம்பி ஆஃப் பண்ணி, அதே கிராஷ் வருதான்னு பாருங்க, வந்தா ஸ்க்ரீன்ல நேரமும் பயாஸ் செட்டிங்கும் தெரியுற மாதிரி வீடியோ எடுங்க. ஸ்டாக்ல வரலன்னா சாமான் கெடல, ஸ்பீடுதான் ஒத்துக்கல, அப்ப அவங்களையே ஒழுங்கா செட் பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க. ஸ்டாக்லயும் வருது, அவங்களும் மாத்தித் தர மாட்டேங்குறாங்கன்னா பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துல மனு போடலாம், கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்கும் எடுத்துக்குவாங்க, வக்கீல் வைக்க வேண்டியதில்ல. ரசீது, கடைக்காரரோட பேசின வாட்ஸ்அப், அந்த வீடியோ, மூணையும் பிரிண்ட் பண்ணி, பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. பெரும்பாலும் மனு போடப் போறேன்னு சொன்ன அன்னைக்கே கடையிலேர்ந்து போன் வரும், வந்தா அவங்க சொல்றத எழுத்துல வாங்கிக்குங்க.